புடவையும் இரவிக்கையும்: பெண்ணாடை வாங்கும் ஆண்

பெண்ணாடை அணிய விரும்பும் ஆண், தன்னைத் திருநங்கையாக உணர்பவராக இருக்க வேண்டியதில்லை. தமிழகத் துணிக்கடைகளில் அவர் புடவை வாங்குவது எளிது. மனைவிக்கோ தங்கைக்கோ ஆண்கள் புடவை எடுப்பது வழக்கமாதலின் எவரும் வினவார். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அத்துணிக்கு உடலளவும் தேவையில்லை. சிக்கல் இரவிக்கையில் தொடங்குகிறது. ‘வீட்டுக்காரிக்கு’ என்றால், தையற்காரர் அளவு இரவிக்கை கேட்பார். தம் உடலுக்கேற்ற இரவிக்கை இவரிடம் ஏது? கூத்தில் பெண்வேடம் கட்டுபவர் ‘வேடத்துக்கு’ என்று கூறித் தம் மார்பளவைக் கூச்சமின்றிக் கொடுக்கலாம். இவருக்கு அச்சொல் வாய்க்கவில்லை. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்களுக்கான பொருள், சேவை ஆகியவற்றைப் பெறுவதில் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆயினும் அது இயற்றப்பட்டபோது, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம் பாலினம் பொருந்தாதவரைத் திருநர் என வரையறுத்தது. ஆணாகவே தம்மை உணரும் இவர் அவ்வரையறைக்குள் அடங்குவது ஐயத்திற்குரியது.