ஆரஞ்சுக் கூடையும் ஆங்கிலச் சொற்களும்



கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் தில்லிக்கும் போய்வந்த அன்பர்களுக்கு, நாகபுரி நிலையத்து ஆரஞ்சுப் பழக்காரர்களைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், எங்கள் பெட்டியில் இருந்த இளைஞர் ஒருவர் அங்கே ஒரு கூடை பழம் வாங்கினார். வாங்கிய பின் கூடைக்குள் எட்டிப் பார்த்து, போன தடவையைவிடப் பழங்கள் குறைவு என்று ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். குறைவு என்பதற்கு அவர் ஆண்ட சொல் 'லெஸ்'. எதிர் இருக்கையில் அமர்ந்திருந்த, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

"தம்பி, எண்ணக்கூடிய பொருளுக்கு 'ஃப்யூவர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'லெஸ்' பாலுக்கும் சர்க்கரைக்கும் உரியது" என்றார்.

சாளரத்தருகே இருந்த மற்றொரு பெரியவர் கணக்கு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டு பணியாற்றியவர். "அப்படி ஒன்றும் இல்லை சார். நான் எழுதாத குறிப்பா? எந்த அதிகாரியும் இதைத் திருத்தியதில்லை" என்று அவர் குறுக்கிட்டார். அவ்வளவுதான். நாகபுரியில் தொடங்கிய வழக்கு இட்டார்சி வரையில் நடந்தது. அங்கே தேநீர் வந்தபோது இருவரும் முகம் திருப்பிக்கொண்டு தனித்தனியே வாங்கிக் குடித்தார்கள். பழங்களை மற்றவர்கள் தின்று தீர்த்தோம்.

இத்தகைய வழக்குகளில் ஆங்கிலேயரும் சளைத்தவர் அல்லர். ஆயினும் வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே இவை சற்றுக் காரமாகவே நடப்பதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் சென்ற காலத்தில், அவர்களுள் பலர் கையில் கொண்டுபோன முதல் ஆங்கிலம் ஒன்றுதான். அதுவும் தாயின் மடியில் கேட்டுப் பழகிய மொழி அன்று. ஏட்டில் படித்து, பரீட்சையில் எழுதி, பிழைக்குப் பிழை மதிப்பெண்ணை இழந்து ஈட்டிய மொழி. ஆகவே, நம் சொல்லில் பிழை என்று ஒருவர் கூறினால், நாம் பட்ட பாட்டையே அவர் பழித்ததாகப் படுகிறது.

இருக்கட்டும். அந்த இரு பெரியவர்களில் யார் பக்கம் நியாயம்?

'லெஸ்' என்பதை எண்ணிக்கைக்கு வழங்குவது நேற்று முளைத்த பழக்கம் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், ஆல்ஃபிரட் மன்னரின் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பிலேயே அவ்வழக்குக் காணப்படுகிறது. அதற்குப் பின் ஏறத்தாழ ஒன்பது நூறு ஆண்டுகள் அதை யாரும் குற்றமாகக் கருதியதாகத் தெரியவில்லை. 1770ஆம் ஆண்டில் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழியைப் பற்றி எழுதிய நூலில், எண்ணிக்கையைக் குறிக்கும் இடத்தில் 'ஃப்யூவர்' இருந்தால் மேலாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாகக் குறித்தார். தோன்றுவதாகத்தான் குறித்தார், விதி செய்யவில்லை. பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் அவருடைய விருப்பத்தைச் சட்டமாக்கினார்கள். பள்ளிக்கூடங்கள் அச்சட்டத்திற்குப் பிரம்பைச் சேர்த்துக் கொடுத்தன.

அச்சட்டமும் முழுமையாகச் செல்லுபடியாவதில்லை. ரூபாயை எண்ணலாம், கிலோமீட்டரை எண்ணலாம். ஆயினும், நூறு ரூபாய்க்குக் குறைவு, பத்துக் கிலோமீட்டருக்குக் குறைவு என்று சொல்லும்போது ஆங்கிலேயர் 'லெஸ்' என்றே சொல்லுகிறார்கள். அங்கே 'ஃப்யூவர்' என்றால் அவர்களுக்கே சிரிப்பு வரும். இன்று பத்திரிகையிலும் தேர்விலும் எழுதுவோர் ஆசிரியர் சொன்ன வேறுபாட்டைக் கைக்கொள்வது நலம்; திருத்துவோர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ரயில் பெட்டியில் அந்த இளைஞர் சொன்னது ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை. கூடையில் பழம் குறைவு, அதுவே செய்தி.

நம் மொழியிலும் இதற்கு ஒப்பு உண்டு. மூன்று நூறு 'முந்நூறு' என்றும், 'முன்னூறு' என்றால் முன்னால் உள்ள நூறு என்றும் தமிழாசிரியர்கள் கற்பிப்பர். அது சரியே. ஆயினும் மளிகைக் கடைக்காரர் சீட்டில் 'முன்னூறு' என்று எழுதித் தந்தால், நாம் எந்த நூறு என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

இதனால் எல்லா வேறுபாடும் வீண் என்று நான் சொல்லுவதாக நேயர்கள் கொள்ளலாகாது. 'டிஸ்இன்டரெஸ்டட்' என்றும் 'அன்இன்டரெஸ்டட்' என்றும் இரு சொற்கள் உள்ளன. முன்னது தன்னலம் கலவாத நடுநிலையையும், பின்னது அக்கறையின்மையையும் குறிப்பதாக இன்று நூல்கள் சொல்லுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பதினேழாம் நூற்றாண்டில் இவை முதன்முதல் வழங்கியபோது பொருள் நேர்மாறாக இருந்தது. வரலாற்றைக் காட்டி வாதாடப் புகுந்தால் இன்றைய இலக்கண நூல்கள் தோற்றுப்போகும். ஆனாலும் இந்த வேறுபாட்டை நான் விடமாட்டேன். நீதிபதி நடுநிலையாளராய் இருக்க வேண்டும். அக்கறையற்றவராய் இருந்தால் வழக்கின் நடுவே உறங்கிவிடுவார். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இழப்பு நமக்குத்தான். பழமை அன்று, பயன் அன்றோ இங்கே சான்று!

எழுத்து ஒன்றினால் மட்டும் வேறுபடுவனவும் உண்டு. 'ஸ்டேஷனரி' என்று காதில் விழும் சொல்லை ஒருவிதமாக எழுதினால் அசையாதது என்று பொருள். மற்றொருவிதமாக எழுதினால் தாளும் உறையும். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஐரோப்பாவில் முற்காலத்தில் தெருத்தெருவாய்ச் சுற்றி விற்றவர்களினின்றும் வேறாக, ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவர் 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். அவர் விற்ற சரக்குக்கு அவர் பெயர் வந்தது. 'பிரின்சிபல்' என்னும் இரட்டையரைப் பற்றி, பள்ளித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதி அனுபவப்பட்ட பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உயிருக்கே கேடு விளைக்கக்கூடிய குழப்பம் வேறொன்று இருக்கிறது. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியின் பின்புறம் 'இன்ஃப்ளேமபிள்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். எளிதில் தீப்பற்றும் என்பது அதன் பொருள். ஆனால் 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குப் புலப்படாதது, 'இன்கம்ப்ளீட்' என்றால் முற்றுப்பெறாதது என்று படித்தவர், 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்றுதானே கொள்வார்? லத்தீன் மொழியில் 'இன்' என்னும் முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று 'அல்லாத' என்னும் எதிர்மறை. மற்றது 'உள்ளே' என்பது. இச்சொல்லில் இருப்பது இரண்டாவது. 'அருகாமை' என்பது நம்மிடையே அண்மையைக் குறிக்க வழங்குகிறது. கல்லாமை, இல்லாமை போல அதுவும் எதிர்மறையாயிற்றே என்று புலவர்கள் அதைக் கடிந்துகொள்வர். அருகாமையால் யாருக்கும் தீங்கு நேர்வதில்லை. ஆங்கிலச் சொல்லின் நிலை அவ்வாறன்று. அதனாலேயே 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், அருகி வழங்கிய 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லையே எச்சரிக்கைகளில் எழுதும்படி வற்புறுத்தியது. சொல்லின் அழகு கெடுகிறது என்று முணுமுணுத்தவர் உண்டு. தீயணைப்போர் அழகைப் பார்க்கவில்லை.

வெளிமாநில நகரம் ஒன்றில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் ஒரு கார்த்திகைத் திருநாளின்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மாடிப்படி நெடுகிலும் அகல் விளக்கு வைப்பது அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அன்று வர்ணம் பூசுவோர் விட்டுப்போன தின்னர் டப்பா ஒன்று படிக்கட்டின் மூலையில் இருந்தது. அதை அகற்றச் சொன்னபோது, ஆங்கிலத்தில் எப்பொழுதும் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் ஒருவன் மேலே ஒட்டியிருந்ததைப் படித்துப் பார்த்து, "மாமா, இது தீப்பிடிக்காது என்றே எழுதியிருக்கிறது" என்றான். அவனை நம்பி, இரண்டு படி தள்ளி ஒரு பெண்மணி அகலை ஏற்றியும்விட்டார்.

ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத காவலாளி அவ்வழியே வந்தார். டப்பாவின் பக்கத்தில் அச்சிட்டிருந்த தீச்சுடர்ப் படத்தை ஒரு முறை பார்த்தார், மூடியை முகர்ந்தார். முதலில் அகலை ஊதி அணைத்தார். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், கீழே இறங்கிப் போனார்.