‘வெரி குட்’ சொன்னால் போதுமா? பிள்ளைகளைப் பாராட்டுவதில் இவ்வளவு விஷயம் இருக்கு!

மண்ணூர், வல்லம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை... ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீடுகளின் நேரத்தை முடிவு செய்வது கம்பெனி ஷிப்ட்தான். காலை ஷிப்ட் என்றால் பிள்ளை எழுவதற்குள் பஸ் ஏற வேண்டும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்தால் பிள்ளை தூங்கியிருக்கும்.

இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் என்ன பேசுகிறோம்? “செல்லை கீழ வை”, “ஹோம்வொர்க் முடிச்சியா?”, “தம்பியை அடிக்காத”. தப்பு செய்தால் உடனே கண்ணில் படுகிறது. ஒழுங்காக இருந்தால், ‘அப்பாடா’ என்று நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்போது பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: சேட்டை செய்தால்தான் அம்மா, அப்பா திரும்பிப் பார்ப்பார்கள்.

கண்டிப்பு மட்டும் போதாதா?

1968-ல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை வகுப்பறையில் சோதித்தார்கள். முதலில் ஆசிரியர்கள் விதிமுறைகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெரிய மாற்றம் இல்லை. பிறகு சின்னச் சின்ன சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லபடி நடக்கும்போது பாராட்டினார்கள். அப்போதுதான் வகுப்பு வழிக்கு வந்தது.

தலைக்கனம் வந்துடாதா?

‘நேர்ல புகழ்ந்தா கண்ணு பட்டுடும், தலைக்கனம் ஏறிடும்’ என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் பயம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. எதைப் புகழ்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள். சிலரிடம் ‘நல்லா உழைச்சிருக்கே’ என்றார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் திணறினார்கள். அதன் பிறகு மறுபடி சுலபமான புதிர்கள் கொடுத்தபோது, ‘புத்திசாலி’ குழுவின் மதிப்பெண் முதலில் எடுத்ததைவிடக் குறைந்தது. ‘உழைப்பு’ குழுவின் மதிப்பெண் கூடியது.

காரணம் எளிது. ‘நீ புத்திசாலி’ என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குத் தோற்றால் அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கிய பிள்ளைக்கோ இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் போதும்.

சாக்லேட், செல்போன் கொடுக்கலாமா?

1973-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரி பள்ளியில், படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளில் ஒரு குழுவிடம் ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்பே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களிடம் இந்தப் பிரச்சினை இல்லை. பிள்ளை தானாகவே ஆசையாகச் செய்வதற்கு, ‘செஞ்சா அரை மணி நேரம் செல் தரேன்’ என்று பேரம் பேச வேண்டாம்.

எப்படிப் பாராட்டுவது?

வேலை இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் போகிற போக்கில் ‘குட்’ என்பதற்கும், “இன்னிக்கு உன் ஸ்டேஷன்ல ஒரு ரிஜெக்ட் கூட இல்லப்பா” என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? பிள்ளைக்கும் அப்படித்தான்.

• செய்ததைச் சொல்லுங்கள்: ‘சமத்து’ என்பதோடு நிறுத்தாமல், “சொல்லாமலே ஷூவை ஸ்டாண்டுல வெச்சுட்டியே!” என்று சொல்லலாம்.

• உடனே சொல்லுங்கள்: முடியாவிட்டால் நைட் ஷிப்ட் இடைவேளையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்: “தங்கச்சிக்கு நீயே சாதம் ஊட்டினியாமே, பாட்டி சொன்னாங்க.”

• அளவோடு சொல்லுங்கள்: ‘உலகத்துலயே நீதான் பெஸ்ட்’ என்பதெல்லாம் வேண்டாம். தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகள் மிகையான புகழ்ச்சிக்குப் பிறகு சவால்களைத் தவிர்ப்பதாக 2014-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது.

• வால் ஒட்டாதீர்கள்: “இன்னிக்கு நல்லா படிச்சே, தினமும் இப்படிப் படிச்சா என்ன?” இது பாராட்டு இல்லை, திட்டு.

• ஒப்பிடாதீர்கள்: “அண்ணனைவிட நீ நல்ல பையன்” என்றால் ஒருவனை ஏற்றி இன்னொருவனை இறக்குகிறோம்.

அப்போ திட்டவே கூடாதா?

அடிதடி, ரோட்டில் ஓடுவது போன்றவற்றை உடனே தடுத்துத்தான் ஆக வேண்டும். சின்ன முரண்டு, சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் அடி வேண்டாம். பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. ஆசிரியருக்குச் சட்டம் அனுமதிக்காததை வீட்டில் நாம் ஏன் செய்ய வேண்டும்?

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் “இன்னிக்கு சேட்டை பண்ணானா?” என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். ஒரு வாரம் மட்டும், “இன்னிக்கு என்ன நல்லது பண்ணான்?” என்று பிள்ளையின் காது கேட்கக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்காகவே பாட்டியும் நல்லதைத் தேடிப் பார்க்க ஆரம்பிப்பார்.