குங்ஃபூவின் முதல் பாடம்: அசையாமல் நில்!

குங்ஃபூ வகுப்பில் சேர்ந்தால் முதல் நாளே எகிறிக் குதித்து உதைக்கலாம் என்று ஆசையோடு போவீர்கள். மாஸ்டரோ, “காலை நல்லா அகட்டு, முட்டியை மடக்கு, முதுகு நிமிரட்டும், அப்படியே நில்லு” என்பார். குதிரைமேல் உட்கார்ந்தது போன்ற இந்த நிற்பைக் குதிரை நிலை என்பார்கள். சீனத்தில் மா பு. பல வகுப்புகளில் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் இதிலேயே போகும். ‘எப்போதுதான் சண்டை சொல்லித்தருவார்?’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இந்த நிற்பிலேயே ஒரு பெரிய அறிவியல் பாடம் இருக்கிறது.

ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். மெத்தென்ற புல்தரையில் குதிரை நிலையில் நில்லுங்கள். முதலில் அவர் உங்கள் தோளைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளட்டும். அசைய மாட்டீர்கள். இப்போது எதிரே வந்து, மார்பில் இரண்டு விரலை வைத்துத் தள்ளட்டும். பின்னால் சாய்ந்துவிடுவீர்கள்! அதே ஆள், அதே நிற்பு. ஏன் இப்படி?

நம் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அதுதான் ஈர்ப்பு மையம். நிமிர்ந்து நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதிலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு இரண்டு பாதங்களும் சூழ்ந்த இடத்துக்குள் இருக்கும்வரை நாம் விழமாட்டோம். குதிரை நிலையில் அந்த இடம் இடவலமாக அகலம்; முன்பின்னாக ஒரு பாதத்தின் நீளம்தான். முட்டியை மடக்கியதால் மையமும் தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்த பொருளைக் கவிழ்க்க அதிகம் சாய்க்க வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியதும், “எழுந்து நிக்காதீங்க, உட்காருங்க” என்று பரிசல்காரர் சொல்வதும் இதனால்தான்.

முன்னாலிருந்து வரும் தள்ளலை எப்படித் தாங்குவது? அடுத்ததாக மாஸ்டர் சொல்லித்தரும் வில் நிலைதான் அதற்கு விடை. ஒரு காலை முன்னே வைத்து மடக்கி, மற்றதைப் பின்னே நீட்டி ஊன்றினால், பாதங்கள் சூழ்ந்த இடம் முன்பின்னாக நீளும். இதுபோன்ற நிற்பை நம் ஊரிலும் பார்க்கலாம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களில் இருக்கும் வீரர்களின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் உயிர்விட்ட வீரர்களுக்கு இந்த வட்டாரத்து மக்கள் எடுத்த கற்கள் அவை. பல கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக, காலை அகல வைத்து முட்டி மடக்கி நிற்கிறான். சீனத்துக் குங்ஃபூவுக்கும் அவனுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லவரவில்லை. பாய்ந்து மோதுகிற எவருக்கும் ஈர்ப்பு விசை ஒன்றுதான்.

காஞ்சிபுரத்துப் பௌத்தத் துறவி போதிதர்மர்தான் சீனாவின் ஷாவோலின் மடத்துக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று பழைய சீன நூல் ஒன்று சொல்கிறது. ஆனால் அவர் சண்டைக்கலை சொல்லிக்கொடுத்த கதை எழுத்தில் வருவது, அவர் காலத்துக்குப் பல நூறு ஆண்டுகள் கழித்துத்தான். கதையாக ரசிக்கலாம், வரலாறு என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, மறுபடி குதிரை நிலையில் நில்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தொடை எரியும். கால் வெடவெடவென்று நடுங்கும். நேராக நிற்கும்போது எடையைப் பெரும்பாலும் எலும்புகளே தாங்கித் தரைக்கு இறக்கிவிடுகின்றன. முட்டியை மடக்கியதும் அந்த வேலை முன்தொடைத் தசைகளின் தலையில் விழுகிறது. விடாமல் இறுகியிருக்கும் தசை, தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களையே அழுத்துகிறது. ஆக்சிஜன் வரத்து குறைகிறது, கழிவுகள் தேங்குகின்றன. அதுதான் எரிச்சல்.

நடுக்கம் வேறு கதை. ஒரு நரம்புச் செல் ஒரு கொத்துத் தசைநார்களை இயக்கும். முதலில் சிறிய கொத்துகள் முறைபோட்டு மாறிமாறி இழுப்பதால் இழுவை சீராக இருக்கும். அவை களைத்ததும் மூளையும் தண்டுவடமும் பெரிய கொத்துகளை அழைக்கின்றன. அவை விட்டுவிட்டு இழுப்பதால் கால் ஆடுகிறது. பயத்தால் வந்த நடுக்கம் அல்ல அது, கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ படி இறங்கும்போது தொடை கழன்று விழுவதுபோல் வலிக்கலாம். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்த வலி என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல, அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே தசையிலிருந்து நீங்கிவிடும். பழக்கமில்லாத வேலையால் தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தை உடம்பு சரிசெய்யும்போது வரும் வலி இது. சில நாளில் தானே ஆறும். முட்டி மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் மட்டும் உடனே நிறுத்தி மாஸ்டரிடம் சொல்லுங்கள். வளரும் வயதில் எலும்பு முனைகளில் மென்மையான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு அதை வதைக்கக் கூடாது. முட்டி உள்பக்கம் மடியாமல், பாதம் பார்க்கும் திசையிலேயே இருக்கட்டும்.

இன்னொரு சோதனையும் செய்துபாருங்கள். டெய்லர் டேப்பால் தொடையை அளந்து, நிற்க முடிந்த வினாடிகளோடு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல் பயிற்சி செய்தபின் இரண்டையும் மறுபடி பாருங்கள். வினாடிகள் நன்றாகக் கூடியிருக்கும். தொடை அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஏனென்றால் தொடக்க வாரங்களில் வரும் பலத்தில் பெரும்பங்கு தசை பருப்பதால் வருவதில்லை. எந்தக் கொத்தை எப்போது அழைப்பது என்று நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருகிறது.