மறுபடியும் போகலாமா? முழங்காலைக் கேளுங்கள்!

பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்களா? அப்படியென்றால் என்றைக்காவது ஒருநாள் போனில் இந்த அழைப்பு வரத்தான் போகிறது. ''நீங்க ரெண்டு பேரும் வாங்கம்மா. எல்லாருமா ஒரு வாரம் கப்பல்ல சுத்திட்டு வரலாம்!''

கேட்கவே குளுகுளுவென்று இருக்கும். சாப்பாடு கப்பலில், தூக்கம் கப்பலில். ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற வேலை கிடையாது. காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு புது ஊர். வயதானவர்களுக்கு இதைவிட வசதியான பயணம் இருக்க முடியாது என்றே தோன்றும். கப்பலைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

ஆனால், கப்பல் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர்?

போய் வந்தவர்களிடம், ''அந்த ஊருக்கு இன்னொரு தரம் போவீங்களா?'' என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கப்பலில், ஒரே நாளில், ஒரே ஊரில் இறங்கியவர்கள்தான். ஒருவர் ''சொர்க்கம்!'' என்பார். இன்னொருவர் ''ஆளை விடுங்க'' என்று கும்பிடு போடுவார். ஊர் மாறவில்லை. மாறியது முழங்கால், வயிறு, தலைக்கு மேல் அடித்த வெயில். கப்பலுக்கும் பார்க்கவேண்டிய இடத்துக்கும் நடுவே உடம்பு என்ன பாடுபட்டது என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கிறது. இது முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடிய சமாச்சாரம். டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே!

கிரீஸ் நாட்டின் சாண்டோரினி தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்ற வீடுகள், நீல நிற கோபுரங்கள், கீழே கருநீலக் கடல். காலண்டர்களில் பார்த்திருப்பீர்களே, அதே ஊர்தான். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் எரிமலை வெடித்து, நடுப்பகுதி அப்படியே கடலுக்குள் உட்கார்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் செங்குத்தான விளிம்பின் மேல்தான் ஊர் இருக்கிறது. கடல் அங்கே படு ஆழம். பெரிய கப்பல் வந்து ஒட்டி நிற்கத் துறையும் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். நீங்கள் சின்னப் படகில் இறங்கிக் கரைக்குப் போகவேண்டும். கப்பல்காரர்கள் இந்தப் படகை 'டெண்டர்' என்கிறார்கள். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போனால் ஊர் தலைக்கு மேலே, சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு மூன்று வழி. ஒன்று, கிட்டத்தட்ட 590 படிகள். இரண்டாவது, அதே படிகளில் கழுதைச் சவாரி. மூன்றாவது, கேபிள் கார். பழனி மலையில் ரோப் காருக்காகக் கார்த்திகை மாசத்தில் காத்திருந்த அனுபவம் உண்டா? அதேதான். ஏறி உட்கார்ந்துவிட்டால் மூன்றே நிமிஷம். ஆனால் உட்காருவதற்கு முன்னால் வரிசை! மூன்று நான்கு கப்பல்கள் ஒரே நாளில் வந்துவிட்டால், உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்கவேண்டி வரும். இறங்கும்போதும் அதே வரிசை. 'கப்பல் போயிடுமோ' என்ற பதைபதைப்பு வேறு. ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு இது தேவையா?

படியில் இறங்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். வழவழவென்று தேய்ந்த கல், நடுநடுவே கழுதைச் சாணம், எதிரே ஏறிவரும் கழுதைகள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் எதிரி. கழுதைச் சவாரியும் வேண்டாம். பாவம், அவற்றுக்கும் முதுகு என்று ஒன்று இருக்கிறதே! நூறு கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று 2018-ல் கிரீஸ் அரசாங்கமே விதி போட்டது.

கூட்டம் தாங்காமல் இப்போது கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன. ஒருநாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று 2025-ல் உச்சவரம்பு வைத்தார்கள். அதே வருஷம் ஜூலையிலிருந்து சீசனில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வந்தது. இருந்தாலும் சின்ன ஊருக்கு 8,000 பேர் என்பது திருவிழாக் கூட்டம்தான். கப்பல் கம்பெனியின் சுற்றுலாவில் சேர்ந்தால், சில சமயம் அத்தினியோஸ் என்ற வேறு துறையில் இறக்கி, பஸ்ஸிலேயே மேலே கூட்டிப் போவார்கள். ஏறும்போது வரிசைத் தொல்லை மிச்சம். என்னைக் கேட்டால், சாண்டோரினிக்கு முழங்கால் நன்றாக இருக்கும்போதே ஒருதரம் போய்விடவேண்டும். அறுபத்தைந்துக்கு மேல் போகிறவர்கள் கப்பல் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாலே போதும். அந்த விளிம்பு ஊர் கடலிலிருந்து பார்க்கும்போதுதான் இன்னும் அழகு!

வெயில் என்று சொன்னேன் இல்லையா? அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ''நாங்க பார்க்காத வெயிலா? அக்னி நட்சத்திரத்தையே பார்த்தவங்க!'' என்று நம்மவர்கள் மார்தட்டுவது சகஜம். நம் கடலோர ஊர்களில் வியர்வை சொட்டச் சொட்ட வழியும். உடனே தண்ணீர் தேடுவோம். கிரீஸில் கோடை வெயில் உலர்ந்த வெயில். காற்றும் அடிக்கும். வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். உடம்பில் நீர் குறைவதே தெரியாது. வயதானவர்களுக்கு தாக உணர்ச்சி வேறு மந்தம். இதில் ரத்தக்கொதிப்புக்காக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கேட்கவே வேண்டாம். தலைசுற்றலில் ஆரம்பித்து மயக்கத்தில் முடியும்.

2023 ஜூலையில் ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றையே மதிய நேரத்தில் மூடவேண்டிய அளவுக்கு வெயில் கொளுத்தியது. 2024 ஜூனில் பிரிட்டனின் பிரபல டி.வி. டாக்டர் மைக்கேல் மோஸ்லி, கிரீஸின் சிமி தீவில் வெயிலில் தனியாக நடந்து போனார். 67 வயது. நாலு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. இன்னதுதான் காரணம் என்று அறுதியிட முடியாவிட்டாலும், வெயில் தாக்கமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அவர் கப்பலில் வந்தவர் அல்ல. ஊருக்கெல்லாம் ஆரோக்கிய யோசனை சொன்ன ஒரு டாக்டருக்கே அந்த வெயில் இரக்கம் காட்டவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வயதானவர்களை அழைத்துப் போவதானால் மத்தியதரைக் கடலுக்கு ஏப்ரல், மே அல்லது அக்டோபர்தான் சரி. பள்ளிக்கூட லீவுக்காக ஜூலை, ஆகஸ்ட் என்று பிள்ளைகள் தேதி குறித்தால், 'பேரப்பிள்ளைகளோடு நீங்க போங்க, நாங்க வீட்டைப் பார்த்துக்கறோம்' என்று சொல்லிவிடுவது உத்தமம்.

பேர் ஒன்று, ஊர் வேறு!

கப்பல் கம்பெனியின் வழவழ புத்தகத்தில் 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ரோமில் கடல் ஏது? கப்பல் நிற்பது சிவிடாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று ரயிலிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் கொலோசியம், வாடிகன் என்று ஓட்டம். தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பதித்த மேடு பள்ளம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இதுதான் ஆபத்து. கல் உறுத்தியதும் தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. ராத்திரி கப்பலுக்குத் திரும்பியதும் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். பயணத்துக்கென்று புது ஷூ வாங்காதீர்கள். பழகிய ஷூதான் பத்திரம். ரோமில் ஒரு நல்ல விஷயம், தெருவோரக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் சதா கொட்டிக்கொண்டே இருக்கும். பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். மறுபடியும் போகவேண்டிய ஊர்தான் ரோம். ஆனால் கப்பலில் அல்ல! நாலு நாள் தங்குகிற மாதிரி தனியாகப் போகவேண்டும்.

வெனிஸ் கதை இன்னும் வேடிக்கை. பெரிய கப்பல்கள் நகரின் நடுக் கால்வாய் வழியாகப் போகக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் இத்தாலி தடை போட்டுவிட்டது. அதனால் 'வெனிஸ்' என்று போட்டிருக்கும் பல பயணங்கள் இப்போது ரவென்னாவிலோ டிரியெஸ்டேயிலோ நிற்கின்றன. இரண்டுமே வெனிஸிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். பஸ்ஸில் போய் இறங்கினால் ஊருக்குள் வண்டியும் கிடையாது. தெருவுக்குத் தெரு பாலம், பாலத்துக்குப் பாலம் படி.

குரோஷியாவின் டூப்ராவ்னிக் பரவாயில்லை. கப்பல் துறையிலிருந்து கோட்டை ஊர் பஸ்ஸில் சீக்கிரம் வந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் நீள மதில் மேல் ஏறினால்தான் படிகள். ஏறாமல் கீழே அகலமான தளத் தெருவில் காலார நடந்துவிட்டு, ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வரலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, வயதானவர்கள் திரும்பிப் போகக்கூடிய இடமே இல்லையா? இருக்கிறதே! அலாஸ்கா.

''பனிக்கட்டி ஊருக்கா? ஆஸ்துமாக்காரரை அங்கே கூட்டிப் போறதா?'' என்று பயப்படாதீர்கள். கப்பல்கள் போவது கோடையில் மட்டும்தான். பகலில் பத்திலிருந்து பதினெட்டு டிகிரி இருக்கும். கொடைக்கானல் மார்கழி மாதிரி. ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் போதும். குளிர்காற்றில் மூச்சு இழுப்பவர்கள் இன்ஹேலரைப் பெட்டியில் பூட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான்.

அலாஸ்காவின் விசேஷம் என்ன தெரியுமா? ஜூனோ, கெட்சிகன், ஸ்காக்வே எல்லாம் சின்ன ஊர்கள். பெரும்பாலும் கப்பல் துறையிலேயே ஒட்டி நிற்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் கடைத்தெரு. ஸ்காக்வேயில் 1900-ல் கட்டி முடித்த மலை ரயில் இருக்கிறது. ஊட்டி ரயில் மாதிரி உட்கார்ந்தபடியே கணவாய் வரை ஏறி இறங்கிவிடலாம். இதையெல்லாம்விட அருமையானது கிளேசியர் பே. அங்கே கப்பலை விட்டு இறங்கவே வேண்டாம்! கடலுக்குள் இறங்கி நிற்கும் பனிச்சுவருக்கு எதிரே கப்பல் மெதுவாக நின்று திரும்பும். போர்வையைப் போர்த்திக்கொண்டு சூடாக சூப் குடித்தபடி பார்க்கலாம். திடீரென்று இடி மாதிரி சத்தத்தோடு ஒரு பாளம் உடைந்து விழும். தேசியப் பூங்கா அதிகாரிகளே கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். ஒருநாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி என்பதால் கூச்சலும் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், ஓடியாடுகிற பேரனுக்கும் ஒரே காட்சி! இப்படி ஒரு இடம் உலகத்தில் அபூர்வம்.

குறை? கெட்சிகனில் மழை. சும்மா இல்லை, அமெரிக்காவிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் ஒன்று. பலகைப் பாதை வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம்.

குமட்டலுக்கும் மேப்புக்கும் சம்பந்தம் உண்டு

அலாஸ்காவுக்கு சியாட்டிலிலிருந்தும் போகலாம், கனடாவின் வான்கூவரிலிருந்தும் போகலாம். வித்தியாசம் டிக்கெட்டில் தெரியாது, வயிற்றில் தெரியும்! வான்கூவர் கப்பல்கள் தீவுகளுக்கு நடுவே, அலை அதிகமில்லாத உள்வழியாகப் போகும். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாக, திறந்த பசிபிக் கடலில் போகும். அங்கே ஆட்டம் அதிகம். பஸ்ஸில் மலை ஏறினாலே எலுமிச்சம்பழம் தேடுகிறவரா நீங்கள்? வான்கூவரையே கேளுங்கள்.

கடல் குமட்டல் வியாதி இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைக்குள் சுவரைப் பார்க்கும் கண்ணோ 'ஆடவில்லையே' என்கிறது. இரண்டுக்கும் நடுவே மூளை குழம்பி, வயிற்றைப் புரட்டுகிறது. அதனால்தான் வெளியே வந்து அடிவானத்தைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். ஊஞ்சலில் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவுதானே! காலி வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. இஞ்சி மரப்பா சிலருக்கு நன்றாகவே கேட்கிறது.

மாத்திரை விஷயத்தில்தான் ஜாக்கிரதை. அவோமின் நம் வீடுகளில் சகஜம். ஆனால் அது தூக்கத்தைக் கொண்டுவரும். வயதானவர்கள் ஆடுகிற தளத்தில் தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால்? காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபோலமின் பட்டையில் வாய் உலரும், பார்வை மங்கும். கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய் இருப்பவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. மிக வயதானவர்களுக்கு புத்தித் தடுமாற்றம்கூட வரலாம்.

கப்பலில் எல்லாரையும் பிடிக்கிற இன்னொன்று நோரோ வைரஸ். வாந்தி, வயிற்றுப்போக்கு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பலில் 3 சதவீதம் பேருக்கு இப்படி வந்தாலே பகிரங்கமாக அறிவித்துவிடுவார்கள். வாசலில் கையில் பீய்ச்சும் திரவத்தை நம்பாதீர்கள். நோரோவுக்கு அது அவ்வளவாகப் பலிக்காது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. பஃபே கரண்டியை நூறு பேர் தொட்டிருப்பார்கள். எடுத்து வந்தபின் இன்னொரு தரம் கழுவினாலும் தப்பில்லை.

ஆக, பிள்ளை போன் செய்யும்போது என்ன கேட்கவேண்டும்? ஒவ்வொரு ஊர் பேருக்கும் பக்கத்தில் 'கப்பல் துறையில் நிற்குமா, டெண்டரா?' என்று எழுதிவரச் சொல்லுங்கள். அலை அதிகமானால் டெண்டர் ரத்தாகும். சக்கர நாற்காலியை ஏற்ற மறுப்பார்கள். படகும் கப்பலும் மேலும் கீழும் ஆடும்போது கால் மாற்றி வைக்கவேண்டும். அன்றைக்கு ஒருநாள் புடவையை விட்டு சுடிதாருக்கு மாறிக்கொள்ளலாம், மாமிகள் கோபிக்கவேண்டாம்! விசா விஷயமும் உண்டு. சியாட்டிலில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பலும் நடுவில் கனடாவின் விக்டோரியா மாதிரி ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசாவும், திரும்ப நுழைய பலமுறை செல்லும் அமெரிக்க விசாவும் வேண்டும்.

வெளிநாட்டு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, பி.பி., ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். கப்பலில் டாக்டர் உண்டு. பில்லும் கனமாக உண்டு. நெஞ்சுவலி என்றால் முதலுதவி செய்து, அடுத்த துறைமுகத்தில் ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிடுவார்கள். கப்பல் காத்திருக்காது. மாத்திரைச் சீட்டை, மருந்தின் வேதிப்பெயரோடு டாக்டரிடம் டைப் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி கைப்பையில், இன்னொன்று கூட வருபவரிடம். ஏறும் நாளில் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேர ராத்திரிகூட ஆகும். அதனால் இன்சுலினும் அன்றைய மாத்திரைகளும் தோளில் மாட்டும் பையிலேயே இருக்கட்டும்.