நாட்டார் பாடல் களப்பதிவுகளும் தொடக்கநிலை ஒலித்திருத்த மென்பொருளும்: தென்காசி, குற்றாலப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வாய்மொழி வழக்காறுகளை ஆராய்வோர்க்கு ஒலிப்பதிவே முதன்மைச் சான்று. அப்பதிவைத் தெளிவாக்கும் நோக்கில் செய்யப்படும் திருத்தங்கள் சில வேளைகளில் சான்றையே மாற்றிவிடுகின்றன. ஆடாசிட்டி என்னும் கட்டணமற்ற மென்பொருளை முதன்முறையாகக் கையாளும் ஆய்வாளர் அறிய வேண்டிய அடிப்படைச் செயல்முறைகளையும், தென்காசி, குற்றாலப் பகுதிக் களச்சூழலில் அவற்றின் பயனையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: களப்பதிவு, ஒலித்திருத்தம், ஆடாசிட்டி, இரைச்சல் குறைப்பு, வில்லுப்பாட்டு, தென்காசி, குற்றாலம்.

முன்னுரை

நாட்டார் பாடல்களை ஏட்டில் எழுதித் தொகுத்த காலத்தில் பாடியவரின் குரல் தொகுப்பாளரின் செவியோடு நின்றுவிட்டது. ஒலிப்பதிவுக் கருவி வந்த பின்னர் அக்குரலை மீண்டும் மீண்டும் கேட்டு ஆராய இயன்றது. மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியாவில் கதைப்பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அப்பதிவுகளே பின்னாளில் ஆல்பர்ட் லார்டு 1960இல் வெளியிட்ட வாய்மொழிக் கோட்பாட்டு நூலுக்கு அடித்தளமாயின. தமிழகத்தின் தென்பகுதியில் நா.வானமாமலை தொடங்கிவைத்த நாட்டார் வழக்காற்றுத் தேடலும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் வளர்ந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வும் களப்பணிக்கு முதன்மை அளித்தன.

இன்று ஒவ்வோர் ஆய்வாளர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவியாகக் கைப்பேசி உள்ளது. பதிவு செய்வது எளிதாகியுள்ளது. பதிவைக் கையாளும் பயிற்சி அதே அளவில் வளரவில்லை. முனைவர் பட்டத்திற்கெனத் திரட்டப்படும் பாடல்கள் எழுத்து வடிவில் பின்னிணைப்பாக இடம்பெறுகின்றன. அவற்றின் ஒலிக்கோப்புகள் எந்த நிலையில் உள்ளன என்பது பெரும்பாலும் கேட்கப்படாத வினாவாகவே உள்ளது.

களச்சூழலின் இயல்பு

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட தென்காசி மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து ஜூன் முதல் ஆகஸ்டு வரை இப்பகுதிக்குச் சாரலைத் தருகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி ஆகியவற்றில் நீர் பெருகுவதும் இப்பருவத்திலேயே. ஆடி மாதக் கொடை விழாக்களும் இக்காலத்தில் நிகழ்கின்றன. எனவே, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, குலவை ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஆய்வாளர் காற்று, சாரல், அருவி, ஒலிபெருக்கி ஆகிய நான்கையும் ஒருசேர எதிர்கொள்ள நேர்கிறது.

இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. காற்று ஒலிவாங்கியில் மோதுவதால் எழும் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்களில் அமையும். அருவியின் இரைச்சல் தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா அதிர்வெண்களிலும் பரவி நிற்கும். தகரக் கூரையில் விழும் மழையோ விட்டுவிட்டு மாறிக்கொண்டே இருக்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் எந்த ஒலியை மென்பொருளால் குறைக்க இயலும், எதனைக் குறைக்க இயலாது என்பது புலப்படும்.

மென்பொருள் அறிமுகம்

ஆடாசிட்டி 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகியோரால் தொடங்கப்பட்டு 2000இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. கட்டற்ற மென்பொருளாக வழங்கப்படும் இது விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். மெனுக்களைத் தமிழில் காணும் வசதியும் இதில் உண்டு. பல்கலைக்கழகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த இயலாத ஆய்வாளரும் முழுமையாகப் பயன்படுத்த இயலும் என்பதே இதன் முதல் சிறப்பு.

கோப்பைத் திறந்ததும் ஒலி, இடமிருந்து வலமாக ஓடும் அலைவடிவமாகத் திரையில் தோன்றும். அலையின் உயரம் ஒலியின் வலிமையைக் காட்டும். அதே ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் நிறமாலை வடிவிலும் காணலாம். அதில் செங்குத்து அச்சு அதிர்வெண்ணைக் குறிக்கும். வில்லில் கட்டிய மணிகளின் ஒலி மேற்பகுதியிலும், குடத்தின் ஒலி அடிப்பகுதியிலும், அருவியின் இரைச்சல் திரை முழுதும் பரவிய மூட்டம் போலவும் தெரியும். தொடக்கநிலைப் பயனர் எந்தத் திருத்தமும் செய்வதற்கு முன்னர் இவ்வடிவத்தைச் சிறிது நேரம் பார்த்துக் கேட்டுப் பழகுதல் நலம்.

கைப்பேசிகள் பெரும்பாலும் எம்4ஏ வடிவில் பதிவு செய்கின்றன. விண்டோஸ் கணினியில் அக்கோப்பை ஆடாசிட்டியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்னும் துணைநிரலை நிறுவ வேண்டும். பலர் முதல் நாளிலேயே மென்பொருளைக் கைவிடுவதற்கு இச்சிறு தடையே காரணமாகிறது.

பதிவின் அளவைகள்

ஒலியை எண்களாக மாற்றும்போது ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதும், ஒவ்வோர் அளவும் எத்தனை பிட்டுகளில் குறிக்கப்படுகிறது என்பதும் தரத்தை முடிவு செய்யும். குறுந்தகட்டின் அளவை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஆவணப்படுத்தலுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது ஏற்புடைய தொடக்கம். இவ்வளவையில் ஒற்றைத் தடப் பதிவு ஒரு நொடிக்கு 1,44,000 பைட்டுகளைக் கொள்ளும். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 518 மெகாபைட்டுகள் ஆகும். ஆறு மணி நேரம் நீளும் கொடைப் பதிவு மூன்று கிகாபைட்டுகளைச் சற்றே தாண்டும். இரட்டைத் தடமாயின் அது ஆறு கிகாபைட்டுகளைக் கடக்கும். வழக்கமான வேவ் கோப்பின் உச்ச எல்லை நான்கு கிகாபைட்டுகள் ஆதலின், நீண்ட நிகழ்த்துதல்களைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்தல் வேண்டும்.

எம்பி3 வடிவம் கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, செவிக்கு எளிதில் புலப்படாது எனக் கணித்த ஒலிக்கூறுகளை நீக்கிவிடுகிறது. நீக்கியவை மீளா. பகிர்வதற்கு அது போதும். மூலமாக வைப்பதற்குப் போதாது. இழப்பின்றிச் சுருக்க வேண்டின் ஃபிளாக் வடிவம் உதவும்.

இரைச்சல் குறைப்பு: செயல்முறையும் இடரும்

ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பு இரண்டு படிகளில் நிகழும். முதலில், பாடலோ பேச்சோ இல்லாமல் இரைச்சல் மட்டும் உள்ள பகுதியைத் தெரிவு செய்து அதன் மாதிரியை மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அடுத்து, முழுப் பதிவையும் தெரிவு செய்து குறைப்பின் அளவை டெசிபலில் குறிப்பிட வேண்டும். மென்பொருள் ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, மாதிரியில் கண்ட இரைச்சல் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ள பட்டைகளைத் தணிக்கும்.

இம்முறை வெற்றிபெறப் பாடகர் தொடங்கும் முன்னர் அரை நிமிடமேனும் சூழல் ஒலியை மட்டும் பதிவு செய்திருத்தல் வேண்டும். பழைய ஒலிநாடாவின் சீரான சீறொலியை இம்முறை நன்கு குறைக்கும். அருவியருகே பதிவான குரலில் நிலைமை வேறு. அங்கு இரைச்சலின் வலிமை குரலின் வலிமையை நெருங்கி நிற்கிறது. சகர ஒலி காற்று உரசுவதால் பிறப்பது. அதன் ஆற்றல் உயர் அதிர்வெண்களில் பரவிக் கிடக்கும். உயிரொலிகளை நோக்க வலிமையும் குறைவு. இரைச்சலிலிருந்து அதனைப் பிரித்தறிய இயலாத மென்பொருள் இரண்டையும் சேர்த்தே தணித்துவிடும். அவ்வாறாயின் 'சாரல்' என்று பாடப்பட்டது 'ஆரல்' என்று கேட்கக்கூடும். 'சேரி' 'ஏரி'யாகக் கூடும். முன்னது நீர்த்துளி, பின்னது மீன். முன்னது குடியிருப்பு, பின்னது நீர்நிலை. எழுத்துப்படியை மட்டும் காணும் ஆய்வாளர் இதனைப் பாடவேறுபாடு என்றே கொள்வார். இல்லாத பாடவேறுபாட்டை மென்பொருள் படைத்துவிடுகிறது என்பதே இங்குள்ள இடர்.

இதனைக் கண்டறியும் வழியும் அம்மென்பொருளிலேயே உள்ளது. இரைச்சல் குறைப்புச் சாளரத்தில் 'ரெசிட்யூ' என்னும் தெரிவு, நீக்கப்படவுள்ள ஒலியை மட்டும் தனியே கேட்கச் செய்யும். அதில் சொற்களின் சாயல் கேட்குமாயின் குறைப்பு மிகுதி என்பது பொருள். ஆறு டெசிபலில் தொடங்கி, நீக்கப்பட்டதைக் கேட்டுச் சோதித்து, தேவையாயின் மட்டும் உயர்த்துதல் தக்கது.

மென்பொருளுக்கு முன்னே ஒரு தீர்வு உண்டு. திறந்த வெளியில் ஒலிவாங்கிக்கும் பாடகருக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் குரலின் மட்டம் ஏறத்தாழ ஆறு டெசிபல் உயரும். தொலைவிலுள்ள அருவியின் மட்டம் மாறாது. 60 செ.மீ. தொலைவில் இருந்த கருவியை 15 செ.மீ. அருகில் கொண்டுவந்தால் கிடைக்கும் பன்னிரண்டு டெசிபல் ஆதாயம் எந்தச் சொல்லையும் இழக்காமல் கிடைப்பது.

இரைச்சல் எது, வழக்காறு எது?

நகர்ப்புற ஒலிக்கூடத்திற்கென வகுத்த நெறிகளை நாட்டார் நிகழ்த்துதலுக்கு அப்படியே பொருத்தல் இயலாது. காற்றின் உறுமலை நீக்க 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டுவது பொது வழக்கம். பேச்சுப் பதிவுக்கு அது பெரும்பாலும் தீங்கற்றது. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயைத் தட்டும்போது எழும் தாழ்ந்த அதிர்வும் அதனோடு தேய்ந்துவிடக்கூடும். வீசுகோல் பட்டதும் ஒலித்து மெல்ல ஓயும் மணிகளின் ஈற்றொலியை இரைச்சல் குறைப்பு வெட்டிவிடக்கூடும்.

மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதியும் இத்தகையதே. அண்ணாவி கதையை நிறுத்தும் இடம், பின்பாட்டுக்காரர் ஏற்கும் இடம், அடுத்த அடிக்கு மூச்சு வாங்கும் இடம் ஆகியவை அடி வரையறைக்கும் கதைக்கூறு வரையறைக்கும் சான்றுகள். ஒப்பாரியில் விம்மலும் மூக்குறிஞ்சலும் அவ்வடிவத்தின் உறுப்புகளே. வரத்துப்பாடலின்போது எழும் குலவையும் கூட்டத்தின் ஆரவாரமும் தெய்வம் இறங்கியதைச் சமூகம் ஏற்றுக்கொண்டதன் ஒலிவடிவம். பாடகரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துத் தூய்மை செய்த கோப்பில் பாடல் இருக்கும், சடங்கு இராது.

மூலமும் படியும்

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை பெறப்படுகிறது. களத்திலிருந்து கொண்டுவந்த கோப்பை மூலம் எனக் கொண்டு எந்த மாற்றமும் செய்யாமல் காத்தல் வேண்டும். திருத்தங்கள் அனைத்தும் படியிலேயே நிகழ வேண்டும். ஆடாசிட்டியில் 'சேவ்' செய்வது ஏயுபி3 என்னும் பணிக்கோப்பை மட்டுமே உருவாக்கும் என்பதையும், பிற மென்பொருள்களில் திறக்க வேண்டிய ஒலிக்கோப்பை 'எக்ஸ்போர்ட்' வழியாகவே பெற வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே அறிதல் நலம். ஏற்றுமதி செய்யும்போது மூலத்தின் பெயரையே இட்டால் மூலம் அழியும். ஆதலின் வேறு பெயரும் வேறு கோப்புறையும் இன்றியமையாதவை.

எழுத்துப்படி உருவாக்க 'லேபிள்' வசதி பெரிதும் பயன்படும். ஒரு பகுதியைத் தெரிவு செய்து கண்ட்ரோல், பி விசைகளை அழுத்தினால் அவ்விடத்தில் தமிழிலேயே குறிப்பு எழுதலாம். காப்பு, வருபொருள் உரைத்தல், கதைப்பகுதி, வரத்துப்பாடல், வாழி எனக் கூறுகளைக் குறித்து, அவற்றைத் தொடக்க, இறுதி நேரங்களோடு உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாடலடிகளுக்கு அருகே அந்நேரங்களை இட்டால் நெறியாளரும் தேர்வாளரும் உரிய இடத்தைக் கேட்டுச் சரிபார்க்க இயலும்.

பதிவு செய்த நாள், இடம், சூழல், கருவி, பாடியவரின் இசைவு ஆகியவற்றோடு, செய்த திருத்தங்களையும் அவற்றின் அளவுகளையும் ஒரு குறிப்பாக எழுதிக் கோப்போடு வைத்தல் வேண்டும். மூன்று படிகள், இருவகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பது பாதுகாப்பின் பொதுநெறி.

முடிவுரை

தொடக்கநிலை மென்பொருளைக் கற்பதற்குச் சில நாள்கள் போதும். எதனைத் தொடாமல் விட வேண்டும் என்பதைக் கற்பதற்கு வழக்காற்றைப் பற்றிய அறிவு வேண்டும். ஒலித்திருத்தத்தைத் தொழில்நுட்பப் பணியாளரிடம் முழுதும் விட்டுவிடாமல் ஆய்வாளரே மேற்கொள்ள வேண்டியதற்கு இதுவே காரணம். ஓலைச்சுவடிப் பதிப்பில் மூலபாடத்தைச் சிதைக்காமல் திருத்தங்களைத் தனியே காட்டும் நெறியைத் தமிழாய்வுலகம் நன்கறியும். அதே நெறி ஒலிக்கோப்புக்கும் பொருந்தும். பாடியவர் மறைந்த பின்னர் அடுத்த தலைமுறை ஆய்வாளர்க்கு எஞ்சுவது அக்கோப்பு ஒன்றே. அதில் அருவியின் இரைச்சல் கலந்திருப்பினும் வருங்காலக் கருவிகள் அதனைப் பிரித்தெடுக்கக் கூடும். வெட்டி நீக்கிய ஒலியை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.