மருந்தைப் பிடிக்கும் காந்தத் தூள்

நாம் விழுங்கும் மருந்து முழுவதும் உடலிலேயே செலவாகிவிடுவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையில் 40 முதல் 50 சதவீதம் மாறாமலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. மருந்து ஆலைகளின் கழிவுநீரில் இதன் அளவு இன்னும் மிகுதி. ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளிவந்த நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். சுத்திகரித்த பிறகும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அம்மருந்து இருந்ததாக 2007-இல் அறிவித்தனர். மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது அதிகம்!

இதனால் என்ன கேடு? இத்தகைய நீரில் மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மட்டுமே பிழைத்துப் பெருகுகின்றன. அவற்றால் நமக்கு நோய் வந்தால், அந்த மருந்து பலிக்காது.

நீரில் கரைந்த மருந்தைத் துணியால் வடிகட்ட முடியாது. அதற்கு நுண்துளைகள் நிறைந்த பொருள் வேண்டும். ஒரு கிராம் கிளர்வூட்டிய கரியில் உள்ள துளைச் சுவர்களின் பரப்பைக் கூட்டினால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது 25 சென்ட் நிலம்! இச்சுவர்களில் மருந்தின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. இதுவே பரப்புக் கவர்தல்.

கரியை நன்றாகப் பொடித்தால் மருந்தை விரைவாகப் பிடிக்கும். ஆனால், நீரெங்கும் பரவிய பொடியைத் திரும்ப எடுப்பது எப்படி? இங்கேதான் காந்தம் உதவுகிறது. மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களைக் கரியோடு சேர்த்துவிடுகிறார்கள். பாத்திரத்தின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் தூள் முழுவதும் சுவரோரம் வந்து சேரும். தெளிந்த நீரை இறுத்துவிடலாம்.

துகள்கள் தாமே காந்தமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாவா என்று நீங்கள் கேட்கலாம். சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள துகளில், அறை வெப்பமே காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, வெளிக்காந்தத்தை அகற்றியதும் தூளின் காந்தத்தன்மை மறைந்துவிடும்.

மருந்தைக் கண்டறியவும் இத்தூள் பயன்படுகிறது. ஒரு லிட்டர் நீரிலுள்ள மருந்தைத் தூளில் பிடித்து, பின்பு அதை 1 மில்லிலிட்டர் மெத்தனாலால் கழுவி எடுத்தால் செறிவு 1,000 மடங்கு வரை உயரும். கருவிக்கு எட்டாத அளவும் அப்போது எட்டிவிடும்.

கழுவிய தூளை மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: தூள் மருந்தைப் பிடிக்கிறதே தவிர, அழிப்பதில்லை. கழுவி எடுத்த மருந்தை எரித்தோ சிதைத்தோ அழிக்க வேண்டும். அதைச் சாக்கடையில் ஊற்றினால் பிடித்ததன் பயன் என்ன?