ஜீப்பிற்குப் பெரிய டயர்: உராயாமல் பொருத்துவது எப்படி?

சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு, நம் சங்கத்து நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பழைய மாருதி ஜிப்ஸியை வாங்கினோம். நானும் அதில் கால் பங்காளி. பங்குத் தொகையைத் திரட்ட நான் பட்ட பாட்டை எழுதப் புகுந்தால் ஆசிரியர் என் பக்கங்களைக் குறைத்துவிடுவார், ஆகவே விடுகிறேன். வண்டியை விற்றவர், "பெரிய டயர் போட்டிருக்கிறது, மலையில் குதிரை போல் ஏறும்" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.

ஏறியதென்னவோ உண்மைதான். சக்ராதா மலையிலிருந்து இறங்கும்போதுதான் குதிரை கனைக்கத் தொடங்கியது. வளைவு வந்தால் போதும், இடப்பக்க முன் சக்கரத்திலிருந்து 'சர்ர்' என்று ஓர் ஒலி. அதனோடு ரப்பர் கருகும் வாடை. நிறுத்திக் குனிந்து பார்த்தோம். பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாயைப் பிடித்திருந்த கிளிப் கழன்று கிடந்தது. டயரின் உள்விளிம்பு அக்குழாயை உரசி, மேலுறையைப் பாதி தின்றுவிட்டிருந்தது. இன்னும் பத்து வளைவு சென்றிருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருப்பேனா என்பது ஐயமே. எங்கள் குழுவில் மூத்தவரான திருநெல்வேலி அண்ணாச்சி, "தம்பி, நீ இயற்பியல் படிக்கிறவன்தானே, இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார். அன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும் போட்ட கணக்கே இது.

முதலில் டயரின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கக் கற்க வேண்டும். ஜிப்ஸி கிங் வண்டிக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த டயர் 205/70 ஆர் 15. இதில் 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்பது. 15 என்பது உள்ளேயிருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே டயரில் மில்லிமீட்டரும் அங்குலமும் குடித்தனம் செய்வது விந்தைதான். ஆயினும் உலக வழக்கம் அப்படி. 205இல் நூற்றுக்கு 70 எடுத்தால் 143.5, மேலும் கீழும் இரண்டு சுவர்கள், ஆக 287, வளையம் 15 அங்குலம், அதாவது 381, மொத்த விட்டம் 668 மி.மீ. எங்கள் வண்டியில் இருந்ததோ 235/75 ஆர் 15. அதே கணக்கின்படி அதன் விட்டம் 733.5 மி.மீ.

வித்தியாசம் 65.5 மி.மீ. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஏறத்தாழ 33 மி.மீ. இந்த 33 மி.மீ.க்காகத்தான் இவ்வளவு பாடும். அச்சின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டி கல்லில் இடிக்காமல் உயர வேண்டுமானால் டயரின் ஆரம் கூடுவதைத் தவிர எளிய வழியில்லை. வில்லை உயர்த்தினால் உடல் உயருமேயன்றி அச்சு உயராது. பெரிய டயர் மீது மலையோட்டிகளுக்கு உள்ள ஆசை வெறும் பகட்டு அன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி, உராய்வது எங்கே? நின்ற நிலையில் சுற்றி வந்து பார்த்தால் எங்கும் இடம் இருப்பது போலவே தோன்றும். கடைக்காரர் காட்டுவதும் இந்தக் காட்சியைத்தான். ஸ்டீரிங்கை முழுதும் திருப்பினால் டயரின் உள்விளிம்பு சட்டத்தையோ பட்டை வில்லையோ நெருங்கும்; வெளிவிளிம்பு முன்னே பம்பர் மூலையையும் பின்னே மட்கார்டின் அடியையும் நெருங்கும். பள்ளத்தில் இறங்கி வில் ஒடுங்கினால் டயரின் தலை மேலே போய் இடிக்கும். இவை இரண்டும் ஒருங்கே நேர்வதுதான் மலைப்பாதை. ஒரு முன் சக்கரம் பாறை மேலும் மற்றொன்று பள்ளத்திலும் இருக்க, ஓட்டுபவர் ஸ்டீரிங்கை முழுதும் ஒடிக்கிறார். அந்த ஒரு கணத்தில் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

அகலத்தைப் பார்ப்போம். 205க்குப் பதில் 235 என்றால் 30 மி.மீ. அகலம் கூடுகிறது. அதே வளையத்தில் பொருத்தினால் உள்ளே 15, வெளியே 15 என்று பிரியும். எங்கள் பிரேக் குழாயைத் தின்றது அந்த உள்பக்கத்து 15தான். இதைத் தவிர்க்கச் சிலர், சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்படி அமைந்த வேறு வளையத்தை மாட்டுகிறார்கள். வளையத்தின் நடுக்கோட்டிற்கும் அது அச்சோடு பொருந்தும் முகத்திற்கும் உள்ள தூரத்தை ஆஃப்செட் என்பார்கள். அதை 15 மி.மீ. குறைத்தால் உள்விளிம்பு பழைய இடத்திலேயே நிற்கும். ஆனால் வெளிவிளிம்பு 30 மி.மீ. துருத்தும்.

துருத்தினால் என்ன என்று கேட்கலாம். இங்கே பிதாகரஸ் குறுக்கிடுகிறார். சக்கரம் திரும்புவது தன் நடுவை மையமாகக் கொண்டு அன்று. உட்புறமுள்ள திருப்பு அச்சை மையமாகக் கொண்டு. ஆகவே டயரின் முன்மூலை வரையும் வட்டத்தின் ஆரம், டயரின் ஆரத்தையும் வெளிவிளிம்பின் தூரத்தையும் இரு பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம். ஒரு பேச்சுக்கு, பழைய டயரில் ஆரம் 334, வெளிவிளிம்பின் தூரம் 150 என்று கொண்டால் கர்ணம் 366. பெரிய டயரைப் பழைய வளையத்தில் மாட்டினால் ஆரம் 367, தூரம் 165, கர்ணம் 402. வளையத்தையும் வெளியே தள்ளித் தூரத்தை 180 ஆக்கினால் 409. டயரின் ஆரம் 33தான் கூடியது. ஆனால் பம்பர் மூலை இழக்கும் இடம் 43. உள்ளே தப்பிக்க வெளியே தள்ளினோம், வெளியே இடிக்கிறது. சக்கரத் தாங்கியின் மேல் விழும் நெம்பு விசை கூடுவதும் ஸ்டீரிங் கனப்பதும் தனி.

அடுத்து, வில்லை உயர்த்துவது பற்றிய ஒரு தப்பெண்ணம். பட்டறைகளில் இதைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். 50 மி.மீ. உயரமான வில் போட்டால், நிற்கும்போது டயருக்கும் மட்கார்டிற்கும் இடையே 50 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கும். கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும். ஆனால் அச்சு மேலே எழும்பி எங்கே நிற்கிறது? சட்டத்தில் பொருத்திய ரப்பர்க் கட்டையில். பம்ப் ஸ்டாப் எனப்படும் அக்கட்டை பழைய இடத்திலேயே இருக்குமானால், வில் முழுதும் ஒடுங்கும்போது டயர் பழையபடியே போய் இடிக்கும். வில்லோடு அந்தக் கட்டையையும் தேவையான அளவு கீழே இறக்க வேண்டும். அசைவு சற்றுக் குறையும். அது நாம் கொடுக்கும் விலை. சட்டத்திற்கும் உடலுக்கும் இடையே கட்டைகள் வைத்து உடலை மட்டும் உயர்த்தும் முறையும் உண்டு. அது டயருக்கு உண்மையிலேயே இடம் தரும். ஆனால் கியர்த் தண்டு, ஸ்டீரிங் தண்டு, ரேடியேட்டர் விசிறி உறை எல்லாம் இடம் மாறுமாதலால், கைதேர்ந்த மிஸ்திரி இன்றிச் செய்யத் தகாது.

கணக்கு எவ்வளவு போட்டாலும் வண்டியில் சோதிக்காமல் நம்பலாகாது. ஒரே எண் பொறித்த இரு டயர்கள்கூட அளவில் சிறிது வேறுபடும். சேற்றுக்கான டயர்களின் தோள்கட்டைகள் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். நாங்கள் கையாண்ட கருவி சப்பாத்தி மாவு. விடுதிச் சமையற்காரரிடம் இரண்டு கிலோ பிசைந்த மாவு கேட்டபோது அவர் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அதை 30 மி.மீ. கனத்தில் உருட்டி, மட்கார்டின் உட்புறம், பம்பர் மூலை, சட்டம், பட்டை வில் ஆகிய இடங்களில் ஒட்டினோம். ஒரு முன் சக்கரத்தை மேட்டின் மேலும் அதற்கு எதிர்க் கோணத்திலுள்ள பின் சக்கரத்தை இன்னொரு மேட்டிலும் மெதுவாக ஏற்றி, ஸ்டீரிங்கை இரு புறமும் முழுதும் திருப்பி, பின்னோக்கியும் நகர்த்தினோம். பிறகு, எஞ்சின் நின்ற பின்னரே, மாவின் கனத்தை அளந்தோம். வண்டி மேட்டில் இருக்கையில் ஒருவரும் அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. எஞ்சிய கனம் 15 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த இடம் எனக்கு ஒப்பாது. சேறும் சிறு கல்லும் ஒட்டிக்கொள்ள அவ்வளவாவது வேண்டும்.

எங்கள் மாவு நான்கு இடங்களில் தோல்வியைக் காட்டியது. தகட்டை வெட்டலாம், வளையத்தை மாற்றலாம் என்று இரண்டு நாள் விவாதித்தோம். 235 டயருக்கு 6 அங்குலத்திற்குக் குறையாத அகலமுள்ள வளையம் வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது; விற்றவர் குறுகிய பழைய வளையத்திலேயே அதைத் திணித்திருந்தார். முடிவில் பெரிய டயர்களை விற்றுவிட்டு, 215/75 ஆர் 15 வாங்கினோம். பொலேரோ வண்டிக்குரிய அளவாதலால் எந்த ஊரிலும் கிடைக்கும். விட்டம் 703.5; உயர்வு 18 மி.மீ.; உள்ளே கூடுவது 5 மி.மீ. மட்டுமே. பிரேக் குழாயைப் புதிதாக மாற்றிக் கிளிப்பை இறுக்கினோம். ரப்பர்க் கட்டைக்கு 20 மி.மீ. துண்டு சேர்த்தோம். ஸ்டீரிங் திரும்பும் எல்லையைத் தடுக்கும் போல்ட்டைச் சிறிது வெளியே எடுத்தோம். வண்டி திரும்ப முன்னைவிடச் சற்று அதிக இடம் கேட்கிறது; ஆனால் மாவு பிழைத்தது.

33 கேட்ட இடத்தில் 18 என்பது குறைவுதான். அதற்கு ஈடாக வேறு சில நன்மைகள் உண்டு. சக்கரம் பெரிதாக ஆக, அதே எஞ்சின் தரையில் செலுத்தும் விசையும், அதே பிரேக் தரும் தடையும் விகிதப்படி குறையும். 235இல் இந்த இழப்பு நூற்றுக்கு 9, 215இல் 5. வேகமானியும் பொய் சொல்லும்: முள் 60இல் நிற்கையில் நாங்கள் உண்மையில் 63இல் செல்கிறோம்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே பதிவு அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்பதும், காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவிப்பதும் நலம். நாங்கள் டயரை மாட்டிய பிறகுதான் கேட்கப் போனோம்; அங்கே வாங்கிய பேச்சு தனிக் கட்டுரைக்குரியது.

ஒன்று பாக்கி. ஜிப்ஸியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படும். ஒரு சக்கரம் மட்டும் சிறிதானால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லாடித் தேயும். பின்கதவில் தொங்கும் எங்கள் மாற்றுச் சக்கரம் இன்னும் பழைய 205தான். அடுத்த மாதம் உதவித்தொகை வந்ததும் ஐந்தாவதை வாங்க வேண்டும். அதற்குள் வழியில் டயர் பஞ்சரானால், அந்தச் சிறிய சக்கரத்தைப் பின்னால் மாட்டி, இரு சக்கர இயக்கத்திலேயே மெல்ல ஊர்ந்து வந்து சேர்வதென்று அண்ணாச்சி உத்தரவு.